ஆசாரி பட்டறையில் நன்றாகப் பாடிய ஸ்பீக்கர் பெட்டி ஹாலுக்கு வந்ததும் ஏன் குமுறுகிறது?

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு ஹால் 16 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். தரை பாலிஷ் போட்ட கிரானைட், மேலே கான்கிரீட், சுற்றிலும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த சுவர். எங்கள் பக்கம் பாதி வீடு இப்படித்தான் இருக்கும். இந்த ஹாலுக்காக ஆசாரியோடு உட்கார்ந்து நானே ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டி செய்தேன்: அடிச்சுரத்துக்கு ஆறரை அங்குல வூஃபர், உயர் சுரத்துக்கு ஒரு அங்குல சில்க் டோம் ட்வீட்டர், 18 மில்லிமீட்டர் பிளைவுட், உள்ளே 20 லிட்டர் இடம், காற்று வர முன்பக்கம் ஒரு பிவிசி குழாய். பட்டறை மூன்று பக்கம் திறந்த தகரக் கொட்டகை. அங்கே போட்டுக் காட்டியபோது ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டார். எனக்குக் கால் தரையில் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து டிவிக்கு இரண்டு பக்கமும் மூலையோரமாக வைத்தேன். செய்தி வாசிப்பவர் குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவது போல இருந்தது. தவிலில் தொப்பிப் பக்கம் எப்படி அடித்தாலும் ஒரே 'ம்ம்ம்'.

உடனே சால்டரிங் அயனை எடுத்தேன், அதுதான் தப்பு. கிராஸ்ஓவரில், அதாவது சத்தத்தை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் சர்க்யூட்டில், கண்டன்சர் மாற்றினேன், காயில் மாற்றினேன், அதற்காக பெங்களூரு எஸ்பி ரோட்டுக்கு இரண்டு நடை போனேன், மூன்று மாதம் போனது, குமுறல் மட்டும் போகவில்லை. காரணம் குறை பெட்டியில் இல்லை, ஹாலில் இருந்தது. பெட்டியைச் சுவரிலிருந்து ஓரடி நகர்த்தினாலே அடிச்சுரம் மாறிவிடும், எனவே இடம் முடிவாகும் முன் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு ரெசிஸ்டரும் பெட்டி நிற்கப்போகாத இடத்துக்காக வைத்ததுதான். அதனால் இந்தக் கட்டுரையின் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்: பெட்டியைச் சோதிப்பது, இடம், குழாயும் பஞ்சும், அறை, அதற்குப் பிறகே ரெசிஸ்டர், எல்லாம் முடிந்து மிச்சம் இருந்தால் ஈக்வலைசர் (எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று மென்பொருளிலேயே கூட்டிக் குறைப்பது).

பெட்டி ஒழுங்காக இருக்கிறதா

ரிமோட்டுக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, பெட்டியின் பின்புறச் சிவப்பு முனையில் பேட்டரியின் கூட்டல் பக்கத்தையும் கருப்பில் கழித்தல் பக்கத்தையும் ஒரு நொடி தொடுங்கள். வூஃபரின் கூம்பு வெளியே வர வேண்டும், இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரி. ஒன்று வெளியே வந்து மற்றது உள்ளே போனால் ஒயர் மாறியிருக்கிறது, அப்படியே கேட்டால் அடிச்சுரம் ஒன்றையொன்று தின்றுவிடும், பாடகர் நடுவில் நிற்காமல் எங்கோ மிதப்பார். தனி ட்வீட்டரில் நேராகப் பேட்டரியைத் தொடாதீர்கள், பாவம், மெல்லிய காயில்.

அடுத்தது காற்றுக் கசிவு. குழாயின் வாயைத் துணியால் அடைத்துவிட்டு 40 ஹெர்ட்ஸ் சத்தத்தை மெதுவாக ஓடவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்தி மூட்டுகளின் ஓரமாக, வூஃபர் வளையத்தைச் சுற்றி, பின்னால் ஒயர் மாட்டும் இடத்தில் எல்லாம் காட்டிக்கொண்டே வாருங்கள். புகை நேராக எழாமல் துடித்தால் அங்கே ஓட்டை. எனக்கு ஒயர் முனைத் தகட்டைச் சுற்றி ஒழுகியது, ஸ்பாஞ்ச் டேப் ஒட்டியதும் நின்றது. கிரில் துணியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், துணியில் பொறி விழுந்தால் அப்புறம் பெட்டியே இருக்காது.

போனில் ஒரு கணக்கு, காதில் ஒரு கணக்கு

அளக்கக் கருவி வேண்டுமே என்று தயங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் ஸ்பெக்ட்ராய்டு போன்ற இலவசச் செயலி போதும், எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று கோடு போட்டுக் காட்டும். பிங்க் நாய்ஸ் என்று ஒரு சோதனைச் சத்தம் உண்டு, மழை கொட்டுவது போலக் கேட்கும், அதை ஒரு பெட்டியில் மட்டும் ஓடவிட்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் காது உயரத்தில் போனைப் பிடித்து மெதுவாக அரையடி சுற்றளவுக்கு ஆட்டிக்கொண்டே சராசரி எடுங்கள். போன் மைக் அடிச்சுரத்தைக் குறைத்துத்தான் கேட்கும், அது காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஆனால் அதே போன், அதே இடம், முன்னால் ஒரு தடவை, மாற்றிய பின் ஒரு தடவை என்றால் வித்தியாசம் சரியாகவே தெரியும். இதில் ஆர்வம் பிடித்துப் போனால் யூமிக் 1 என்ற யுஎஸ்பி மைக்கும் ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளும் இருக்கின்றன, முதல் மாதத்திலேயே வாங்க வேண்டியதில்லை.

அளக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். மே மாதத்தில் இது எவ்வளவு பெரிய தியாகம் என்று எனக்குத் தெரியும். என்எச் 44 லாரிச் சத்தம் கேட்கும் வீடு என்றால் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வேலை.

காதுக்கு மூன்று பரீட்சை வைத்துக்கொள்ளுங்கள். ஆண் குரலில் செய்தி வாசிப்பு. தவில் அல்லது பம்பை. வீட்டில் யாராவது ஒருவரை மொட்டை மாடியில் பேசவைத்து எடுத்த பதிவு. மூன்றாவதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியம். என் அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், எந்தப் பாடகரின் குரலும் நேரில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஹாலைக் கணக்குப் போடுங்கள்

பிளஸ் ஒன் இயற்பியலில் நிலை அலை படித்திருப்பீர்கள். இரண்டு சுவருக்கு நடுவில் ஒலி போய் முட்டித் திரும்பும்போது சில அதிர்வெண்கள் மட்டும் ஊஞ்சல் மாதிரி உந்திக்கொண்டே பெரிதாகும். எது பெருகும் என்று கண்டுபிடிக்க 565ஐச் சுவருக்குச் சுவர் உள்ள அடியால் வகுத்தால் போதும் (ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,130 அடி, அதில் பாதி). வரும் எண்ணின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கிலும் அதே தொல்லை உண்டு.

என் ஹாலில் நீளம் 16 அடி: 35, 71, 106 ஹெர்ட்ஸ். அகலம் 10 அடி: 56, 113. உயரமும் 10 அடி: மறுபடி 56, 113. அகலமும் உயரமும் ஒன்றாக இருந்தால் ஒரே எண்ணில் இரண்டு பேர் சேர்ந்து ஆடுவார்கள். அதற்கும் மேலே 106, 113, 113 என்று மூன்று ஒரே இடத்தில் குவிந்திருப்பதைப் பாருங்கள். ஆண் குரலின் அடிச்சுரம் ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது. செய்தி வாசிப்பவரைக் குடத்துக்குள் தள்ளியது யார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பட்டறைக்கு மூன்று பக்கம் சுவரே இல்லை, போன ஒலி திரும்பி வரவில்லை, எனவே பெட்டி அங்கே நன்றாகப் பாடியது. வெட்டவெளியில் அடிக்கும் பம்பை 'டும்' என்று தொடங்கி 'டும்' என்று முடிந்துவிடுவதும் இதனால்தான்.

உங்கள் ஹாலை டேப் வைத்து அளந்து இந்த எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஹால் சமையலறைப் பக்கம் திறந்திருந்தாலோ நடுவில் படிக்கட்டு ஏறினாலோ கணக்கு கொஞ்சம் தள்ளும், பரவாயில்லை, போன் காட்டும் மேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இடம்

பாதி வேலை இங்கேதான், செலவும் கிடையாது.

மூலையில் வைத்தால் தரை, பின்சுவர், பக்கச்சுவர் என்று மூன்றும் சேர்ந்து அடிச்சுரத்தைத் தூக்கிக் கொடுக்கும். சின்னப் பெட்டிக்கு அது வரம் போலத் தோன்றும், ஆனால் மூலை என்பது எல்லா நிலை அலைகளுக்கும் அழுத்தம் உச்சமாக இருக்கும் இடம், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற மாதிரி. எந்த அலை தொல்லை தருகிறதோ அதன் அழுத்தம் இல்லாத இடத்தில் வூஃபரை வைத்தால் அந்த அலையைத் தூண்டவே முடியாது. இரண்டாம் மடங்கு அலைக்கு அந்த இடம் சுவரிலிருந்து கால் பங்கில், மூன்றாம் மடங்குக்கு ஆறில் ஒரு பங்கில்.

எனக்கு இது இப்படி வந்தது. அகலத்தின் 113ஐ அடக்க வூஃபரின் மையம் பக்கச்சுவரிலிருந்து இரண்டரை அடி. நீளத்தின் 106ஐ அடக்க பெட்டியின் முன்முகம் பின்சுவரிலிருந்து 2 அடி 8 அங்குலம், பெட்டியின் ஆழம் போகப் பின்னால் ஒன்றரை அடி இடைவெளி இருக்கும், துடைப்பம் தாராளமாகப் போகும். உயரத்தின் 113க்கு வூஃபர் தரையிலிருந்து இரண்டரை அடி. இதற்காக வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் வைத்து 25 அங்குல ஸ்டாண்டு அடித்தேன், மேலே கிரானைட் பாலிஷ் கம்பெனி வாசலில் கிடக்கும் துண்டுக் கல்லை அளவாக அறுத்துப் போட்டேன். கனமாக அசையாமல் நிற்கிறது, நம் ஊரில் அதைவிட மலிவான நல்ல பலகை கிடையாது. கல்லுக்கும் பெட்டிக்கும் நடுவில் சைக்கிள் டியூபை வெட்டி நான்கு துண்டு. ஹாலோ பிளாக்கை அடுக்கி வைக்கலாம் என்று யாராவது சொன்னால், வீட்டில் குழந்தை இருந்தால் கேட்காதீர்கள்.

இரண்டு பெட்டியும் பக்கச்சுவர்களிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதில் இன்னொரு லாபம். அகலத்தின் 56ஐ ஒரு பெட்டி இப்படித் தள்ள மற்றது அப்படித் தள்ளும், கணக்கு நேராகிவிடும். ஒன்று மூலையில், இன்னொன்று கதவோரம் என்று வைத்தால் இந்த லாபம் போய்விடும்.

அப்புறம் நாம் உட்காரும் இடம். சோபா சுவரோடு ஒட்டி இருந்தால் நீள அலைகள் எல்லாம் உங்கள் பிடரியில் உச்சம். ஹாலின் நட்டநடுவில் உட்கார்ந்தால் 35ஐயும் 106ஐயும் காணவில்லை. பெட்டி இருக்கும் சுவரிலிருந்து பத்தடியில் ஒரு நாற்காலி போட்டால் எனக்கு எல்லாம் அளவாக வந்தது. சோபாவை நடு ஹாலுக்கு இழுக்க வீட்டில் சம்மதிக்கவில்லை, நியாயம்தான், எனவே டிவி பார்க்கும்போது சோபா ஒன்றரை அடி முன்னால், பாட்டு கேட்கும்போது பிளாஸ்டிக் நாற்காலி. பெட்டிகளைக் கொஞ்சம் உள்நோக்கித் திருப்பி, இரண்டு ட்வீட்டரின் பார்வையும் உங்கள் தலைக்குச் சற்றுப் பின்னால் சந்திக்கும்படி விடுங்கள்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நகர்த்தினால் கேளுங்கள், அளந்து பாருங்கள், எழுதுங்கள், பிறகு அடுத்தது. சத்தத்தின் அளவும் இரண்டு தடவையும் ஒன்றாக இருக்க வேண்டும், கொஞ்சம் சத்தமாகக் கேட்டது எப்போதும் நல்லதாகவே தோன்றும், காது அப்படி ஏமாறும்.

குழாயும் பஞ்சும்

பிவிசி குழாய் வைத்த பெட்டி ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தானே ஊதும், காலி பாட்டிலின் வாயில் ஊதினால் வருவதைப் போல. அது எங்கே என்று கண்டுபிடிக்க, போனில் ஒற்றைச் சுரம் தரும் செயலியை வைத்து 80 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாகக் கீழே இறக்குங்கள், கூம்பின் மேல் விரல் நுனியை லேசாக வைத்திருங்கள். ஓர் இடத்தில் கூம்பின் ஆட்டம் மிகவும் குறைந்து குழாயில் காற்று பலமாக வரும், அதுதான் பெட்டியின் சுருதி.

எனக்கு அது 56இல் இருந்தது! ஹால் எங்கே குமுறுமோ சரியாக அங்கேயே பெட்டியும் ஊதினால் என்ன ஆகும்? உள்விட்டம் இரண்டரை அங்குலம், நீளம் 4 அங்குலம், இதுதான் அப்போது போட்டிருந்த குழாய். நீளத்தைக் கூட்டினால் சுருதி இறங்கும். 20 லிட்டர் பெட்டிக்கு அதே குழாயை 10 அங்குலமாக்கினால் கணக்குப்படி 40 ஹெர்ட்ஸ் அருகில் வரும், எனக்கும் வந்தது. உள்ளே நேராக வைத்தால் பின் பலகையில் இடிக்கிற மாதிரி நெருங்கியதால் பிளம்பிங் கடையில் ஓர் எல்போ வாங்கித் திருப்பிவிட்டேன். குழாயின் உள்முனைக்கும் பலகைக்கும் குறைந்தது குழாயின் விட்டம் அளவு இடைவெளி வேண்டும். ரொம்பவும் இறக்கிவிடாதீர்கள், அடி 'பஞ்ச்' போய்ச் சப்பென்று ஆகிவிடும். வெட்டி ஒட்டுவதற்கு முன் சோதித்துப் பார்க்க ஒரு குறுக்கு வழி: பழைய சாக்ஸைச் சுருட்டிக் குழாயில் திணித்துக் கேளுங்கள். குமுறல் குறைந்தால் குழாய்தான் குற்றவாளி. சிலர் சாக்ஸோடேயே விட்டுவிடுவார்கள், தப்பில்லை.

உள்ளே பஞ்சு. தலையணைக் கடையில் ரெக்ரான் பஞ்சு கேளுங்கள். இலவம்பஞ்சும் வேலை செய்யும், ஆனால் நாள்பட்டால் கட்டி தட்டிக் கீழே இறங்கும், பூச்சியும் வரும். குழாய் வைத்த பெட்டியில் சுவர்களை ஒட்டி ஓர் அங்குலம் படிய வையுங்கள், குழாயின் வாய்க்கு எதிரே மட்டும் வேண்டாம். குரலில் பெட்டி வாசனை போகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், சமையலறைத் தராசில் நிறுத்து இரண்டு பெட்டிக்கும் ஒரே அளவு.

கிரானைட் தரையும் வெறும் சுவரும்

ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். தட்டியபின் 'ட்ரிங்' என்று ஒரு வால் கேட்டால், அந்த வால்தான் எல்லாப் பாட்டின் மேலும் ஒட்டிக்கொண்டு 'ச', 'ஷ' எழுத்துகளைக் கூசவைக்கிறது. ட்வீட்டரைப் பழிக்க வேண்டாம்.

நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள், வேறொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச்சுவரில் உங்கள் காது உயரத்தில் நகர்த்திக்கொண்டே வரட்டும். கண்ணாடியில் எங்கே ட்வீட்டர் தெரிகிறதோ அங்கேதான் ஒலி முதலில் பட்டுத் தெறிக்கிறது. அந்த இடத்தில் மடிப்பு மடிப்பாகத் தடித்த திரை, புத்தக அலமாரி, அல்லது இரண்டு அங்குல ராக்வுல்லைச் சட்டத்தில் வைத்துத் துணி மூடிய பலகை, எது வீட்டுக்கு ஒத்துவருமோ அது. ராக்வுல் கொதிகலனுக்குச் சுற்றுகிற சரக்கு, ஓசூர் பக்கம் விசாரித்தால் கிடைக்கும், கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொட்டால் ராத்திரி முழுக்கச் சொறிய வேண்டியதுதான். தரைக்கு, பெட்டிக்கும் உங்களுக்கும் நடுவில் தடித்த விரிப்பு. பவானி ஜமுக்காளம் அழகு, கோரைப்பாய் அதைவிடக் குளுமை, ஆனால் இரண்டும் மெல்லியவை, உச்சத்தில் மட்டும் கொஞ்சம் உறிஞ்சும். ஜமுக்காளத்தின் அடியில் பழைய மெத்தையோ கம்பளியோ இருந்தால் வித்தியாசம் தெரியும். நாமக்கல் முட்டை அட்டையைச் சுவர் முழுக்க ஒட்டும் யோசனை உங்களுக்கும் யாராவது சொல்வார்கள், பல்லிக்கு நல்ல வீடு, வேறு பயன் பெரிதாக இல்லை.

இதில் எதுவும் 56 ஹெர்ட்ஸைத் தொடாது. அந்த அலையில் கால் பங்கே ஐந்து அடி, அதை உறிஞ்சும் தடிமனில் விரிப்பு போட்டால் நாம் உட்கார இடம் இருக்காது. அதனால்தான் அடிச்சுரத்தை இடத்தாலும் குழாயாலும் முதலிலேயே முடித்தோம்.

இப்போது சால்டரிங் அயன்

இதற்குப் பிறகும் குரல் கூர்மையாகக் குத்தினால் ட்வீட்டரைக் கொஞ்சம் தணிக்கலாம். 8 ஓம் ட்வீட்டருக்கு, கிராஸ்ஓவருக்கும் ட்வீட்டருக்கும் நடுவில் 1.5 ஓம் வரிசையில், ட்வீட்டருக்குக் குறுக்கே 33 ஓம்: கிட்டத்தட்ட 2 டெசிபல் இறங்கும். 2.2 ஓமும் 20 ஓமும் என்றால் 3 டெசிபல் அருகில். 10 வாட் வெள்ளைச் சிமென்ட் ரெசிஸ்டர் போதும். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு மாற்றுங்கள். முதலில் முதலை கிளிப் போட்டு ஒரு வாரம் கேட்டுவிட்டு, பிறகு ஈயம் வையுங்கள். நான் 3 போட்டுக் கேட்டு, ஜால்ரா மங்கிப் போனதால் 2க்குத் திரும்பினேன்.

மாறாக, குரல் மெலிந்து சதை இல்லாமல் இருந்தால் காரணம் வேறு. உயர் சுரங்கள் பெட்டியின் முகத்தில் பட்டு முன்னால் மட்டும் வரும், தாழ்ந்தவை பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போய்விடும். 9 அங்குல அகலப் பெட்டியில் இந்த மாற்றம் 500 ஹெர்ட்ஸை ஒட்டி நடக்கும். சுவரிலிருந்து வெளியே இழுத்த பெட்டியில் இது கூடுதலாகத் தெரியும், சுவரோடு ஒட்டிய பெட்டியில் குறைவு. எல்லாச் சுரத்தையும் ஒன்றே பாடும் ஒற்றை ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர் வைத்தவர்களுக்கு மருந்து சுலபம்: 1 மில்லிஹென்றி காயிலும் 3.3 ஓம் ரெசிஸ்டரும் ஒன்றுக்கொன்று இணையாகக் கட்டி, 8 ஓம் ஸ்பீக்கரின் கூட்டல் ஒயரில் வரிசையாகப் போட்டால் மேலே 3 டெசிபல் தணிந்து குரலுக்கு உடம்பு வரும். வூஃபர், ட்வீட்டர் என்று இரண்டு வைத்த பெட்டியில் இதை வூஃபர் காயிலின் மதிப்பிலேயே சேர்த்துச் செய்வார்கள், அதைத் தொட்டால் கிராஸ்ஓவரே நகரும், முதல் ஜோடியில் கை வைக்காதீர்கள்.

மிச்சம்

எல்லாம் முடித்தபின் எனக்கு 56இல் ஒரு சின்ன மேடு மட்டும் நின்றது, உயரத்தின் அலை, கூரையை நகர்த்த முடியாது. கணினியில் பாட்டு போடுவதால் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளில் அந்த ஒரே இடத்தில் குறுகலாக 4 டெசிபல் குறைத்தேன். மேட்டைத்தான் வெட்ட வேண்டும், பள்ளத்தை நிரப்பக் கூடாது. நிலை அலையால் விழும் பள்ளத்தில் எவ்வளவு ஊற்றினாலும் அது அடுத்த சுவரில் பட்டு வந்து அழித்துக்கொண்டே இருக்கும், 10 டெசிபல் தூக்கினால் ஆம்ப்ளிஃபயரிடம் பத்து மடங்கு சக்தி கேட்கிறீர்கள். 300 ஹெர்ட்ஸுக்கு மேலே ஈக்வலைசரால் நோண்டாதீர்கள், அங்கே போன் காட்டும் மேடு பள்ளம் பாதி நாற்காலியை நகர்த்தினாலே மாறுவது.

கடைசியாக, பெட்டி, ஸ்டாண்டு, நாற்காலி மூன்றின் காலும் நிற்கும் இடத்தில் தரையில் எலக்ட்ரிக்கல் டேப்பைச் சின்னதாக வெட்டி ஒட்டிவிடுங்கள். வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது எல்லாவற்றையும் நகர்த்துவார்கள், திரும்ப வைக்கும்போது சுவரோடு ஒட்டித்தான் வைப்பார்கள். இரண்டு வாரம் எனக்கு ஏன் மறுபடி குமுறுகிறது என்று புரியாமல் கிராஸ்ஓவரைத் திறக்கவே போய்விட்டேன்.